தூரத்திலிருந்து வரும் படை நடுநிலையானதா?
இராணுவத் தகுதி கொண்ட காவல் படைகளும் ஒடுக்கப்பட்டோரின் பாதுகாப்பும்

கொடியன்குளம் (1995), தாமிரபரணி (1999), பரமக்குடி (2011) எனத் தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் காவல்துறையின் தடியையும் துப்பாக்கியையும் எதிர்கொண்ட வரலாறு நீளமானது. அதனாலேயே, சாதிய வன்முறை வெடிக்கும் இடங்களில் நம் தோழர்கள் மத்தியிலிருந்து ஒரு குரல் எழுவதுண்டு: "உள்ளூர் போலீஸை நம்ப முடியாது, மத்தியப் படையை அனுப்புங்கள்." காவல் நிலையத்தில் அமர்ந்திருப்பவருக்கும் ஊர்த்தெருவின் ஆதிக்கச் சாதிக்கும் உள்ள உறவை அனுபவத்தில் அறிந்தவர்களின் குரல் அது. அதை எளிதில் புறந்தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் ஓர் அனுமானம் பொதிந்திருக்கிறது. உள்ளூரோடு ஒட்டில்லாத, முகாமில் வாழும், இராணுவ ஒழுங்கில் பழக்கப்பட்ட படை இயல்பாகவே நடுநிலையாக இருக்கும் என்பதே அந்த அனுமானம். ஐரோப்பாவில் இந்த எண்ணத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பிரான்சின் ஜென்டார்மரி, இத்தாலியின் காராபினியேரி, ஸ்பெயினின் குவார்தியா சிவில் ஆகிய படைகள் இதன்மீதே கட்டப்பட்டவை. அவற்றின் அனுபவம் நமக்கு என்ன சொல்கிறது, இந்தியச் சட்டத்தில் இத்தகைய படைகளின் இடம் எது, அவற்றிடம் பாதுகாப்புக் கேட்கும் மக்கள் வேறெவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

இராணுவமும் காவலும் கலந்த படை

சாதாரணக் காவல்துறை குடிமை நிர்வாகத்தின் ஓர் அங்கம். இராணுவம் எல்லையைக் காக்கும் அமைப்பு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதுதான் இராணுவத் தகுதி கொண்ட காவல் படை. அதன் உறுப்பினர்கள் சட்டத்தின் பார்வையில் படைவீரர்கள். ஆனால் அவர்கள் அன்றாடம் செய்வது காவல் பணி: சாலைக் காவல், குற்றப் புலனாய்வு, கைது, கூட்டக் கட்டுப்பாடு.

இவற்றுள் மூத்தது பிரெஞ்சு ஜென்டார்மரி. மன்னராட்சிக் காலத்து 'மாரெஷொசே' படை, புரட்சிக்குப் பின் 1791-இல் இப்பெயர் பெற்றது. இன்று சுமார் ஒரு லட்சம் பேர் கொண்ட இப்படை, பிரான்சின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதியையும் காவல் காக்கிறது. பெருநகரங்கள் தேசியக் காவல்துறைக்கு; சிற்றூர்களும் கிராமங்களும் ஜென்டார்மரிக்கு. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படையைப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து உள்துறை அமைச்சகத்தின் கீழ் மாற்றியது. ஆனால் இராணுவத் தகுதியை நீக்கவில்லை. இத்தாலியில் 1814-இல் தோன்றிய காராபினியேரி, 2000-ஆம் ஆண்டு முதல் தரைப்படையிலிருந்து பிரிந்து தனி ஆயுதப் படையாகவே இயங்குகிறது.

இப்படைகளை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்களில் வலு இல்லாமல் இல்லை. போருக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட சூழல்களில் இராணுவத்துக்கு மக்களோடு பழகத் தெரியாது. சாதாரணக் காவல்துறைக்குத் துப்பாக்கிச் சண்டையில் தாக்குப்பிடிக்க இயலாது. போஸ்னியாவில் 1998-இல் காராபினியேரி தலைமையில் பன்னாட்டுச் சிறப்புப் பிரிவு அமைக்கப்பட்டது இதனால்தான். ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து இத்தாலியின் விசென்சா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஐரோப்பிய ஜென்டார்மரிப் படையை உருவாக்கியதும் இதே காரணத்தால்தான். 2018 மார்ச்சில் தென்பிரான்சின் த்ரெப் நகரில் பயங்கரவாதி ஒருவன் பிணையாகப் பிடித்து வைத்திருந்த பெண்ணை விடுவிக்கத் தன்னையே பிணையாகக் கொடுத்து உயிரிழந்த அர்னோ பெல்த்ராம், ஜென்டார்மரியின் லெப்டினன்ட் கர்னல். இவற்றை மறுத்துவிட்டு இப்படைகளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

நாம் எழுப்பும் கேள்வி வேறு. இப்படை யாரைக் காப்பதற்காக எந்த ஊருக்குள் நிறுத்தப்படுகிறது? தவறிழைத்தால் யாரிடம் பதில் சொல்கிறது?

ஸ்பெயின்: தூரம் யாருக்கு அருகில்?

குவார்தியா சிவில் 1844-இல் அகுமாதா கோமகனால் நிறுவப்பட்டது. அதன் அமைப்பு விதிகள் நம் கவனத்துக்குரியவை. காவலர் தன் சொந்த ஊரில் பணியாற்றக் கூடாது. குடும்பத்தோடு படைமுகாமில் தங்க வேண்டும். ஊர்மக்களோடு ஒட்டி உறவாடக் கூடாது. இலஞ்சமும் உறவுமுறைப் பாசமும் காவலைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். இன்று நம்மில் பலர் கேட்கும் 'ஊரோடு ஒட்டில்லாத காவல்' இதுவேதான்.

விளைவு என்ன? ஆந்தலூசியா, எஸ்த்ரெமாதுரா போன்ற தென்பகுதிகளில் நிலம் முழுவதும் சில பண்ணையார்களின் கையில் இருந்தது. நிலமற்ற கூலித் தொழிலாளர்கள் நாள் கூலிக்குக் காத்திருந்தார்கள். உழைக்கும் மக்களோடு பழகத் தடை விதிக்கப்பட்ட காவலர், ஊரில் பேசக்கூடிய மனிதர்களாக எஞ்சியவர்கள் பண்ணையாரும் பாதிரியாரும் மேயரும்தான். உழைப்பவரிடமிருந்து விலகிய தூரம், உடைமை உள்ளவரிடம் நெருக்கமாக மாறியது. கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தமும், நிலத்தில் சிந்திய கதிரைப் பொறுக்குவதும் 'பொது ஒழுங்கு' சார்ந்த குற்றங்களாயின.

1931 டிசம்பர் 31 அன்று எஸ்த்ரெமாதுராவின் காஸ்தில்பிளாங்கோ கிராமத்தில், வேலைநிறுத்தம் செய்த கூலித் தொழிலாளர்களுக்கும் குவார்தியா சிவிலுக்கும் இடையிலான மோதலில் ஊர்க்காரர் ஒருவர் சுடப்பட்டார். ஆத்திரமடைந்த கூட்டம் 4 காவலர்களைக் கொன்றது. சில நாட்களுக்குள், 1932 ஜனவரி 5 அன்று, வடக்கே அர்னேதோ நகரில் தொழிலாளர் கூட்டத்தின்மீது அதே படை சுட்டதில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 11 பேர் இறந்தனர். ஓர் ஊரில் நடந்ததற்கு இன்னோர் ஊர் விலை கொடுத்தது. ஊர்மக்களைத் தனித்தனி மனிதர்களாக அறியாத படை, அவர்களை 'கூட்டம்' என்ற ஒற்றை முகத்தில் பார்க்கப் பழகிவிடுகிறது.

இன்னொரு செய்தியை நம் வாசகர்கள் குறிப்பாக அறிய வேண்டும். ஸ்பெயினின் ரோமா மக்கள் 'கிதானோ' என அழைக்கப்படுகிறார்கள். பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் 1943-இல் வெளியான குவார்தியா சிவில் ஒழுங்குவிதி, கிதானோக்களை உன்னிப்பாகக் கண்காணிக்க வேண்டும், அவர்களது ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும், வாழ்க்கைமுறையையும் போக்குவரத்தையும் விசாரித்தறிய வேண்டும் என்று வெளிப்படையாகவே கட்டளையிட்டது. குற்றம் எதுவும் நடக்கத் தேவையில்லை, பிறப்பே போதும். சர்வாதிகாரி இறந்த பின்னும் அந்த விதி உயிரோடிருந்தது. ஸ்பெயின் நாடாளுமன்றத்தின் முதல் கிதானோ உறுப்பினரான யுவான் தெ தியோஸ் ராமிரெஸ் எரெதியா அவையில் எழுந்து எதிர்த்த பிறகுதான், 1978-இல் அது நீக்கப்பட்டது.

1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும், 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டதையும், கைரேகை வைக்க வரிசையில் நின்ற சமூகங்களையும் அறிந்த நமக்கு இந்த விதியின் மொழி புதிதன்று. நம் நாட்டிலும் 1952-இல் அச்சட்டம் ஒழிந்த பின் அதன் நிழல் ஒழியவில்லை. சிறை விதிநூல்களில் சீர்மரபினரைப் 'பழக்கக் குற்றவாளிகள்' எனக் குறித்த சொற்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபரில்தான்.

அயர்லாந்திலிருந்து சென்னைக்கு

'இவையெல்லாம் ஐரோப்பியக் கதைகள், நமக்கு என்ன தொடர்பு?' என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது.

பிரிட்டன் தனக்கென வைத்துக்கொண்ட காவல்முறை ஒன்று. தன் குடியேற்ற நாடுகளுக்குக் கொடுத்தது வேறொன்று. இலண்டனுக்கு ஆயுதமற்ற பெருநகரக் காவல்துறை. அயர்லாந்துக்கு 1836-இல் ஒழுங்கமைக்கப்பட்ட, துப்பாக்கி ஏந்திய, முகாம்வாசிக் காவல் படை. அப்படையினர் தம் சொந்த மாவட்டத்திலோ மனைவியின் மாவட்டத்திலோ பணியாற்ற முடியாது. அவர்கள் டப்ளின் கோட்டையின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்களேயன்றி ஊராட்சிகளுக்கு அல்லர். 1843-இல் சிந்துப் பகுதியைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர், அங்கே காவல்துறையை அமைத்தபோது இந்த ஐரிஷ் மாதிரியையே எடுத்துக்கொண்டார். பின்னர் அதுவே இந்தியா முழுவதற்கும் அச்சானது.

சென்னை மாகாணத்தின் கதை இன்னும் முரணானது. வரி வசூலுக்காக வருவாய், காவல் பணியாளர்கள் குடியானவர்களைச் சித்திரவதை செய்வதாக எழுந்த புகார்களை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை அளித்தது. வருவாய்த் துறையும் காவலும் ஒரே கையில் இருப்பதே கேட்டின் வேர் என அது சுட்டிக்காட்டியது. அதன் தொடர்ச்சியாகவே 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையைத் தனித் துறையாக உருவாக்கியது. சித்திரவதைக்கு எதிரான முறையீட்டுக்கு அரசு தந்த விடை, மேலிருந்து கட்டுப்படுத்தப்படும் ஒரு சீருடைப் படை. மக்களுக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு எதுவும் அந்த விடையில் இல்லை.

1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒட்டி உருவான மலபார் சிறப்புக் காவல் படை இந்தப் போக்கின் அடுத்த கட்டம். மொழியும் மண்ணும் வேறான அப்படை, 1940-களின் இறுதியில் கீழத்தஞ்சையின் பண்ணையாள் போராட்டங்களை ஒடுக்க இறக்கப்பட்டது. வெளியூர்ப் படை பண்ணையாரின் பக்கம் நின்ற ஆந்தலூசியக் கதையைத் தேடி நாம் ஸ்பெயினுக்குப் போக வேண்டியதே இல்லை.

இன்றைய ஐரோப்பா: பதில் சொல்ல வைத்தவர்கள்

மக்களாட்சி வேரூன்றிய பின் இப்படைகள் மாறின என்பது உண்மை. ஆனால் தாமாக மாறவில்லை. இரு வழக்குகளைப் பார்ப்போம்.

2009 அக்டோபர் 15 அன்று உரோமில் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் காராபினியேரியால் கைது செய்யப்பட்டார் 31 வயதான ஸ்தெஃபானோ குக்கி. ஒரு வாரத்தில், அக்டோபர் 22 அன்று, காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். உடலெங்கும் காயங்கள். குடும்பத்தினர் அந்த உடலின் படங்களைப் பொதுவெளியில் வைத்தனர். முதல் வழக்கு சிறைக் காவலர்கள்மீதும் மருத்துவர்கள்மீதும் நடந்தது. கைது செய்த படையினர்மீது அல்ல. தமக்கை இலாரியா குக்கி விடவில்லை. 2018-இல் காராபினியேரி ஒருவரே தம் சகாக்கள் அடித்ததைச் சாட்சியமாகச் சொன்னார். 2022 ஏப்ரலில் இருவருக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனையை இத்தாலியின் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே மாதம், உண்மையை மறைத்ததாக எழுந்த தனி வழக்கில் உயரதிகாரிகள் உட்பட 8 காராபினியேரிகளை விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகள் என அறிவித்தது. அதற்குள் 12 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

இரண்டாவது வழக்கு பிரான்சில். 2014 அக்டோபர் 26 அதிகாலை, சிவென்ஸ் அணைத் திட்டத்துக்கு எதிரான போராட்டக் களத்தில் ஜென்டார்மரி வீரர் எறிந்த வெடிகுண்டால் 21 வயது இளைஞர் ரெமி ஃபிரெஸ் இறந்தார். அந்த வகைக் குண்டு பின்னர் தடைசெய்யப்பட்டது. ஆனால் எவர்மீதும் குற்ற விசாரணை நடக்கவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்கள் வழக்கை முடித்தன. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஃபிரெஸின் வாழ்வுரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. ஆபத்தான ஆயுதத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகளில் இருந்த குறைகளையும், களத்தில் குடிமை அதிகாரி இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது. தனிமனிதத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாதபடி, கட்டளைச் சங்கிலியையே அத்தீர்ப்பு கேள்விக்கு உட்படுத்தியது.

முதல் வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. உண்மை வெளிவரப் படைக்குள்ளிருந்தே ஒருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது. சங்கம் வைக்க உரிமையற்ற, மேலதிகாரியின் தயவில் வாழும் படைவீரர் எப்படி வாய் திறப்பார்? பிரெஞ்சு ஜென்டார்மரி அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில், படைவீரர்கள் சங்கம் அமைக்க முழுத் தடை விதிப்பது செல்லாது என 2014-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. 2018-இல் இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றமும் படைவீரர் சங்கங்களுக்குக் கதவு திறந்தது. சீருடைக்குள் இருப்பவரின் உரிமையும், சீருடைக்கு முன் நிற்பவரின் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இந்தியாவில் அரசமைப்பின் 33-ஆம் பிரிவும் 1966-ஆம் ஆண்டுக் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்த உரிமையைப் பெரிதும் சுருக்குகின்றன. இடஒதுக்கீட்டின் வழி இப்படைகளில் சேரும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் இது பாதிக்கிறது.

இந்தியச் சட்டம்: தேவைப்படும்போது காவல், தப்பிக்கும்போது படை

அரசமைப்பின்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் 1976-இல் 42-ஆம் திருத்தம் ஒன்றியப் பட்டியலில் 2ஏ என்ற பதிவைச் சேர்த்தது. மாநிலத்தின் குடிமை நிர்வாகத்துக்கு உதவ ஒன்றியத்தின் ஆயுதப் படைகளை அனுப்பும் அதிகாரம் அதில் உள்ளது. மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. இவை இராணுவம் அல்ல. ஆனால் 'ஒன்றியத்தின் ஆயுதப் படை' என்ற தகுதி இவற்றுக்கு உண்டு. அந்த ஒரு சொற்றொடரிலிருந்து கிளைக்கும் பாதுகாப்புகளைக் களத்தில் இருப்போர் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று: மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1993. உள்ளூர் காவலர்மீது புகார் என்றால் தேசிய மனித உரிமை ஆணையம் தானே விசாரிக்கலாம். ஒன்றிய ஆயுதப் படைமீது புகார் என்றால், 19-ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசிடம் அறிக்கை கேட்கவும் பரிந்துரை செய்யவும் மட்டுமே இயலும்.

இரண்டு: பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. அலுவல் கடமையில் செய்த செயலுக்காக ஒன்றிய ஆயுதப் படையினரை ஒன்றிய அரசின் ஒப்புதலின்றிக் கைது செய்ய முடியாது. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்தவற்றுக்கு 151-ஆம் பிரிவும், பொதுவாக 218-ஆம் பிரிவும் வழக்குத் தொடர முன் அனுமதி கோருகின்றன.

மூன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. இப்படைகள் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றவை.

நான்கு: சொந்த நீதிமன்றம். எல்லைப் பாதுகாப்புப் படைக்கு அதன் சட்டத்திலேயே தனிப் படை நீதிமன்றம் உண்டு. 2011 ஜனவரியில் எல்லை வேலியைக் கடக்கையில் சுடப்பட்டு, உடல் கம்பியில் தொங்கிய 15 வயது வங்கதேசச் சிறுமியின் வழக்கில், சுட்டவரை அத்தகைய நீதிமன்றம் இரு முறை விடுவித்தது.

இதே படையினர் பழைய ஓய்வூதியம் கேட்டபோது ஒன்றிய அரசின் நிலைப்பாடு மாறியது. அவர்களும் ஆயுதப் படையினரே, பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர்களே என 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. குடிமக்கள் வழக்குத் தொடுத்தால் 'படை'. வீரர் ஓய்வூதியம் கேட்டால் 'காவல்'. இந்த இரட்டை நாக்கில் இழப்பு இரு தரப்புக்கும், இலாபம் அதிகாரத்துக்கு.

நடுநிலை குறித்த அனுமானத்துக்குக் கசப்பான விடை சத்தீஸ்கரில் உள்ளது. 2012 ஜூன் இறுதியில் சார்கேகுடாவில் மத்திய ரிசர்வ் காவல் படையும் மாநிலக் காவல்துறையும் சுட்டதில் சிறார்கள் உட்பட 17 ஆதிவாசிகள் இறந்தனர். மாவோயிஸ்டுகளுடன் நடந்த மோதல் என்று சொல்லப்பட்டது. நீதிபதி வி.கே. அகர்வால் ஆணைய அறிக்கை 2019-இல் வெளிவந்தபோது, இறந்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்று இல்லை என்றும், ஊர்மக்கள் சுடவில்லை என்றும், படையினர் பீதியில் சுட்டிருக்கக்கூடும் என்றும் கூறியது. தூரத்திலிருந்து வந்த படைக்கு அந்த மக்களின் மொழி தெரியாது, முகம் தெரியாது, இரவில் கூடியிருப்பவர்கள் யார் என்பதும் தெரியாது.

எனில், கேட்க வேண்டியது என்ன?

மத்தியப் படையே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. குடிசைகள் எரியும் இரவில், தீ வைப்போரோடு உள்ளூர்க் காவலர் கைகோத்து நிற்கும்போது, வெளியிலிருந்து வரும் எந்தப் பாதுகாப்பும் உயிர் காக்கும். ஆனால் படையைக் கேட்கும் மனுவிலேயே பொறுப்புக்கூறலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சட்டம் தரும் சில பிடிகள்:

1. எந்தப் படை, எந்தப் பிரிவு, யார் கட்டளையில், எந்த நிர்வாக நடுவரின் ஆணைப்படி வந்துள்ளது என்பதை மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பின்னாளில் வழக்கு இங்கிருந்துதான் தொடங்கும்.

2. தகவல் அறியும் உரிமை விலக்கு முழுமையானதன்று. மனித உரிமை மீறல், ஊழல் தொடர்பான தகவல்களுக்கு 24-ஆம் பிரிவின் விலக்கு பொருந்தாது. மனித உரிமை மீறல் பற்றிய தகவலை மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்று அப்பிரிவே சொல்கிறது.

3. வழக்குத் தொடர அனுமதி கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள். பி.என்.எஸ்.எஸ். 218-இன்படி 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கருதப்படும். பழைய சட்டத்தில் இது இல்லை.

4. காவலில் மரணமோ பாலியல் வன்முறையோ நடந்தால், 196(2)-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரின் விசாரணையை வலியுறுத்துங்கள். மோதல் மரணங்களில் 2014-ஆம் ஆண்டு பி.யு.சி.எல். வழக்கின் வழிகாட்டுதல்கள் தனிப் புலனாய்வைக் கட்டாயமாக்குகின்றன. கலவரப் பகுதி என்பதால் படைகளுக்கு முழு விலக்குக் கிடையாது என்பதை 2016-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

5. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மறக்க வேண்டாம். அதன் 3(2)(7) பிரிவு அரசு ஊழியர் இழைக்கும் வன்கொடுமையையும், 4-ஆம் பிரிவு கடமை தவறலையும் குற்றமாக்குகின்றன. சீருடையின் நிறம் எதுவானாலும் அரசு ஊழியர் அரசு ஊழியரே.

இவற்றோடு நீண்டகாலக் கோரிக்கைகளும் தேவை. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நீங்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் கேட்ட காவல் புகார் ஆணையத்தைத் தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்துறைச் செயலாளரின் தலைமையில் அமைத்திருக்கிறது. புகாருக்கு உள்ளானவர்களின் மேலதிகாரியே புகாரை விசாரிக்கும் இந்த ஏற்பாடு மாற வேண்டும்.

கிதானோக்களைக் குறிவைத்த விதி, கிதானோ ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகே நீங்கியது. குக்கியின் வழக்கு, ஒரு தமக்கை 12 ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் நின்ற பிறகே முடிந்தது. எந்தப் படையையும் அதன் தொலைவோ ஒழுங்கோ நடுநிலையாக்கிவிடவில்லை. கேள்வி கேட்ட மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமே சிறிதளவேனும் நடுநிலையாக்கியது. அந்தக் கட்டாயத்தைச் சட்டத்தின் வழியும் தெருவின் வழியும் உருவாக்குவதே நம் வேலை.